வாரம் ஒரு வேளை

"இதைவிடச் சின்னதா இல்லையா?"

அதே கேள்வி மூன்றாவது தடவையாக வந்ததும் செடிக்கடை அம்மாவின் சிரிப்பு பாதியாகக் குறைந்தது.

"ஆர்கிட்ல இதுதான் குட்டி மேடம். உள்ளங்கையில அடங்கிடும். ஆனா பூ ரெண்டு மாசம் நிக்கும்."

"தண்ணி?"

"வாரத்துக்கு ஒரு தடவை."

"மறந்துட்டா?"

"பத்து நாள் தாங்கும்."

"ரெண்டு வாரம் மறந்துட்டா?"

"இலை கொஞ்சம் சுருங்கும். தண்ணி விட்டா தேறிடும்."

"வெயில்ல தூக்கி வெச்சு, மறுபடி உள்ள எடுத்து வெச்சு, அந்த வேலையெல்லாம் இருக்கா?"

"நேர் வெயிலே கூடாது. ஜன்னலோர வெளிச்சம் போதும்."

"தினமும் பூ கொட்டிக் கூட்ட வேண்டி வருமா?"

செடிக்கடை அம்மா பொறுமையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்குச் செடி வேணுமா, பிளாஸ்டிக் பூ வேணுமா?"

"செடிதான்," என்றாள் அவள் அசராமல். பத்து வருஷமாக மருந்துக் கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று தெளிவாகாமல் எதையும் யார் கையிலும் கொடுத்துப் பழக்கமில்லை.

பக்கத்தில் நின்ற கணவருக்குத்தான் மானம் போனது. அவர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். அழகு சம்பந்தப்பட்ட விஷயத்தில் தன்னைக் கேட்காமல் யாரும் முடிவெடுத்தால் அவருக்குப் பொறுக்காது. இடுப்பு உயரத்தில் ஊதா நிறமாய்ப் பூத்துக் குலுங்கிய ஓர் ஆர்கிட்டை, கடைக்குள் நுழைந்ததுமே அவர் தேர்ந்தெடுத்துவிட்டார்.

"உயிர்த் தோழிங்கறே. அதைக் கொடுத்தா கொடுத்த மாதிரி இருக்கும்."

"அது அவளுக்குச் சரிப்படாதுங்க."

"ஏன்? ரோஜாவைக் காயவிட்ட மாதிரி இதையும் காயவிட்டுடுவாங்கன்னா?"

அவள் பணத்தைக் கொடுத்தாள். குட்டித் தொட்டியைப் பொதிந்து வாங்கிக்கொண்டு நடந்தாள்.

மாஸ்டருக்குப் பொறி தட்டியது. போன பிறந்தநாளுக்கு அந்தத் தோழிக்குப் பெரிய ரோஜாத் தொட்டி ஒன்றை இவர்கள்தான் தூக்கிக்கொண்டு போய் வைத்தார்கள். நாலே மாதத்தில் அது காய்ந்துபோனதாகக் கேள்வி. அதிலிருந்து தோழி போனை எடுப்பதில்லை. வரட்டுமா என்று கேட்டால், 'இப்ப வேண்டாமே' என்று ஒரு வரி வரும். இருபது வருஷ சிநேகிதம் அந்த ஒரு வரியில் ஊசலாடிக்கொண்டிருந்தது. இன்றைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பியிருக்கிறார்கள்.

"இது பரிசில்லம்மா, குத்திக்காட்டறது," என்றார் வண்டியை எடுத்துக்கொண்டே. "உன் கைக்கு இவ்வளவுதான் வளரும்னு முகத்துக்கு நேரா சொல்ற மாதிரி இருக்கு. நீ இப்படிப் பழிவாங்கற ஆள்னு நான் நினைக்கல."

"அவ கதவைத் திறக்கட்டும். மத்ததை நான் பார்த்துக்கறேன்."

குரல் திடமாகத்தான் இருந்தது. உள்ளுக்குள் பயம் இல்லாமல் இல்லை.

கதவு திறந்தது. தோழி ஈரக் கையைத் துணியில் துடைத்தபடி நின்றாள். வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வாங்கண்ணா. உள்ள வாடி."

தோழி உட்காரப் போனாள். பக்கவாதத்தில் படுத்திருக்கும் மாமியார் உள்ளேயிருந்து கூப்பிட்டார். திருப்பிப் படுக்க வைத்துவிட்டு வந்தாள். மாமனாருக்குக் கண்ணாடியைக் காணோம். அது அவர் நெற்றியிலேயே இருந்தது, இறக்கிவிட்டு வந்தாள். வெளியூரில் வேலை பார்க்கும் கணவன் போன் செய்து ஏதோ ஒரு காகிதம் எந்த அலமாரியில் என்று கேட்டான். எந்தத் தட்டு, எந்த உறை என்பதுவரை சொன்னாள். அதற்கப்புறமும் அவள் நாற்காலியில் சாய்ந்து உட்காரவில்லை. நுனியிலேயே இருந்தாள்.

மாஸ்டர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியில் பேசிய பேச்சு அவருக்கே இப்போது கசந்தது.

"ரோஜா போயிடுச்சுடி," என்றாள் தோழி. "ரெண்டு வேளை தண்ணி, வெயில், பூச்சி மருந்துன்னு அதுவும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. என்னால முடியல. நீ ஆசையா கொடுத்தது. உன் முகத்துல முழிக்க வெட்கமா இருந்துச்சு. அதான் போனை எடுக்கல."

"உன் மேல தப்பில்ல. உன் வீட்டு நிலைமை தெரிஞ்சும் அதைக் கொண்டுவந்து வெச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்."

தோழியின் பார்வை மேஜைமேல் இருந்த குட்டித் தொட்டிக்குப் போனது. "சரி, இதுக்கு என்ன பண்ணணும்?" புது வேலை ஒன்றை ஒப்புக்கொள்கிறவளின் குரல்.

"வாரத்துக்கு ஒரு வேளை தண்ணி."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"வேற ஒண்ணுமே இல்லையா?"

"மறந்தாலும் பொறுத்துக்கும். நல்லா விசாரிச்சுட்டேன்."

உள்ளேயிருந்து பெண் குழந்தை கத்தியது. "அம்மா, பென்சில் உடைஞ்சுடுச்சு."

தோழி எழுவதற்குள் மாஸ்டர் எழுந்துவிட்டார். "நீங்க உட்காருங்கம்மா. பென்சில் சீவறது என் டிபார்ட்மென்ட்." போகிற போக்கில் மனைவியின் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனார்.

தோழி முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்தாள். தொட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு சின்னதா இருக்கு. இதை எங்கடி பிடிச்சே?"

"மூணு கடை ஏறி இறங்கினேன். இந்த வீட்டுல உன்னை எழுப்பி வேலை வாங்காத உயிர் ஒண்ணாவது இருக்கட்டும்னுதான்."