தோண்டாத குழி

“நாத்தம் தாங்கல டீச்சர். இந்த வாரத்துக்குள்ள சரி பண்ணலேன்னா கேஸ் போட்டுடுவேன்” என்றார் பக்கத்து வீட்டு வக்கீல்.

மூன்று வருடமாக இதே மிரட்டல்தான். டீச்சர் வீட்டுக் கழிவுக் குழாய் அடிக்கடி அடைத்துக்கொண்டு, படுத்த படுக்கையாய்க் கிடந்த கணவரின் அறைவரை சாக்கடை ஏறும். வக்கீல் தெருவையே கூட்டி ஏசுவார். அந்த நாற்றத்திலேயே போன மாதம் கணவர் கண்ணை மூடினார்.

வக்கீல் மிரட்டிய மறுநாள் குழாய்க்காரர் வந்து, குழாய்க்குள் கேமராவை விட்டு, தெரிந்ததை டீச்சருக்குக் காட்டினார். அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தோட்டத்தைத் தோண்டிட்டா செலவு கம்மிம்மா.”

“தோண்ட வேண்டாம். பழைய குழாய்க்குள்ளயே புதுசை இழுத்துடுங்க.”

“நாலு ரோஜாச் செடிக்காகவா இவ்வளவு செலவு?” என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து வக்கீல் சிரித்தார்.

“அவர் வச்ச செடி சார்” என்றாள் டீச்சர்.

ஒரே பகலில் வேலை முடிந்தது. இரண்டாம் நாள் வக்கீல் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

“டீச்சர், என் வீட்டுக் கூடம் பூரா சாக்கடை. உங்க ஆளு என்ன பண்ணித் தொலைச்சான்?”

“நீங்க திருட்டுத்தனமா எங்க குழாயை உடைச்சு உங்க குழாயைச் சொருகியிருந்ததைக் கேமராவுல பார்த்தேன் சார். அடைப்பே அங்கதான். தோண்டியிருந்தா நீங்களும் பார்த்து உஷாராயிருப்பீங்க. புதுக் குழாயில உங்களுக்கு வழி விடல.”

வக்கீல் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார்.

“தெருவுக்குத் தனிக் குழாய் போடணும்னா, உங்க பளிங்குக் கூடத்தைத்தான் தோண்டணுமாம்” என்று சொல்லிவிட்டு டீச்சர் கதவைச் சாத்தினாள்.