காலமானவர் அனுப்பிய கருத்து

"அக்கா, இந்த ஆளை இன்னிக்கே தூக்கிடலாம். ஆறாவது தடவையா எழுதுறான்."

ஓவியன் கடுகடுன்னு சொன்னான். எங்க டிசைனருக்கு ஆபீஸ்ல வச்ச பட்டப்பேர் அது. ரத்த தானம் செய்றவங்களுக்கான இணையதளத்தை நாங்க ரெண்டு பேரும்தான் புதுசா மாத்தியிருந்தோம். அதைப் பத்தி வந்த கருத்துகளை மதியம் உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தோம்.

எழுத்து பொடிசா இருக்கு, பாஸ்வேர்டு மறந்துபோச்சு, இதுக்குப் பழசே தேவலை. வழக்கமான புலம்பல்தான்.

"அப்படி என்னதான் எழுதியிருக்கு?"

அவன் படிச்சான். "'என் பேரை ஏன் எடுத்தீங்க? கூப்பிட்டப்போ எல்லாம் வந்தேனே. தயவுசெஞ்சு திரும்பப் போடுங்க.'"

"போட்டுத் தொலையேன். அதுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறே?"

"எப்படிக்கா போடுறது? ஆள் செத்து மூணு வருஷம் ஆச்சு!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டேன்.

உண்மைதான். 'காலமானார்'னு தேதியோட பதிவு இருந்தது. நண்பர் ஒருத்தர் தகவல் சொன்னதா கீழே குறிப்பு. பழைய தளம் அதைக் கண்டுக்கவே இல்லை. புதுசு கண்டுபிடிச்சு பேரை மறைச்சிருச்சு.

"இன்னும் கீழே பாருங்க." அவன் குரல் இறங்கிடுச்சு.

ஓ நெகட்டிவ். லேசுல கிடைக்காத ரத்தம். யாருக்காவது தேவைப்பட்டா ஆஸ்பத்திரியிலிருந்து அந்த எண்ணுக்கு அழைப்பு போகும். முடியும்னா 'வர்றேன்'னு பதில் அனுப்பணும்.

காலமான தேதிக்கு அப்புறம் ஏழு 'வர்றேன்' இருந்தது. ஒவ்வொண்ணுக்கும் கீழே ஆஸ்பத்திரி பதிஞ்சிருந்தது: 'ரத்தம் கிடைத்தது.'

தேதிகளை இன்னொரு தடவை சரிபார்த்தேன்.

"எவனோ செத்தவர் பேரை வச்சு விளையாடுறான்க்கா."

"விளையாடுறவன் போய் ரத்தம் கொடுப்பானா?"

"அதான் பயமா இருக்கு. எனக்கு எதுவும் தெரிய வேணாம், சாமி. மொத்தமா அழிச்சுடுறேன்."

அப்பத்தான் ஏழாவது கருத்து வந்து விழுந்தது.

'இன்னும் பேர் வரலை. நான் இங்கதான் இருக்கேன்.'

ஓவியன் மவுஸை விட்டுட்டுக் கையை மடியில வச்சுக்கிட்டான்.

பயம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். பதிவுல இருந்த எண்ணுக்கு நானே போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சேன். ஒரே மணியில எடுத்தாங்க. பேச்சில்லை. மூச்சு மட்டும் கேட்டுச்சு.

"ஹலோ... யார் பேசுறது?"

"பேர் வந்துருச்சா?" நடு வயசுப் பெண் குரல்.

"அம்மா, நீங்க யாரு? இது காலமானவரோட நம்பராச்சே?"

"அவர் வீட்டுக்காரிம்மா. அவருக்கும் எனக்கும் ஒரே குரூப்பு. அவரைக் கூப்பிடும்போதெல்லாம், அவருக்குப் பதிலா வந்திருக்கேன்னு சொல்லி நான்தான் போய்க் கொடுத்துட்டு வர்றேன்."

ஓவியன் என்னைப் பார்த்தான்.

"அப்போ உங்க பேர்லயே பதிஞ்சுக்கலாமேம்மா?"

"பதியலாம்தான். ஆனா அவர் பேரைச் சொல்லி இப்போ யாரும்மா கூப்பிடுறாங்க? அந்த ஆஸ்பத்திரிக்காரங்க மட்டும்தான். அதுவும் போயிட்டா அந்தப் பேரை நான் யார் வாயால கேட்பேன், சொல்லு."

"உடனே போட்டுடுறோம்மா. மன்னிச்சுக்குங்க."

"நீங்க நல்லா இருக்கணும். ரத்தம் கொடுக்க ஆளே கிடைக்க மாட்டேங்குதுன்னு அங்கே ஒரே புலம்பல். ஆமா, நீங்க ரெண்டு பேரும் எத்தனை தடவை கொடுத்திருக்கீங்க?"



'ரத்தம் கொடுக்கப் பதிவு செய்க'ங்கிற பொத்தான் என்ன நிறத்துல இருக்கணும்னு எட்டு மாசம் சண்டை போட்ட நாங்க ரெண்டு பேரும், ஒரு தடவைகூட அதை அமுக்கினதில்லை.