தொண்ணூற்றெட்டுக் குழிகள்

“இன்னைக்கும் ஒண்ணும் இல்ல, அத்தை.”

“நல்லாப் பாத்தீங்களா, மாப்பிள்ளை? ஓரத்துக் குழியில?”

“பாத்தேன்.”

அவன் ஸ்டூலிலிருந்து இறங்கினான். நாற்று விடும் குழித்தட்டு ஃபிரிட்ஜின் மேல் இருந்தது. இந்தக் குளிர்காலத்தில் அத்தை வீட்டில் கொஞ்சமாவது சூடு உள்ள இடம் அதுதான். மொத்தம் தொண்ணூற்றெட்டுக் குழிகள். எல்லாவற்றிலும் மண் ஈரமாக, சமமாக, அப்படியே இருந்தது. தட்டின் ஓரத்தில் ஒரு சீட்டு: ஊதா ஆஸ்டர்.

அத்தையும் அவர் மகளான அவன் மனைவியும் பூ வளர்த்தவர்கள். குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் நாற்று விடுவார்கள். குளிர் குறைந்ததும் பின்பக்க நிலத்தில் நடுவார்கள். பூத்ததும் நீளக் காம்போடு வெட்டி, வாளியில் நிறுத்திக் கடைகளுக்குக் கொடுப்பார்கள். ஊதா ஆஸ்டர் மகளுடையது. ஒவ்வொரு வருடமும் நல்ல செடிகளில் ஒன்றிரண்டை வெட்டாமல் விட்டு அவளே விதை எடுப்பாள்.

அவள் இறந்து ஐந்து மாதம் ஆகிறது.

அவன் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில்தான் அத்தை வீடு. ஆனால் அவள் இல்லாமல் அங்கே போக அவனுக்கு ஒரு காரணம் இருக்கவில்லை. போனாலும் இருவரும் என்ன பேசுவது? இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் தட்டோடு வந்து நின்றான்.

“அவ எடுத்து வச்ச விதை, அத்தை. எங்க வீட்டு பீரோவுல இருந்துச்சு.”

அத்தை ஃபிரிட்ஜ் மேல் இருந்த டப்பாக்களை எல்லாம் இறக்கினார்.

அதிலிருந்து வேலை முடிந்ததும் தினமும் வருகிறான். தண்ணீர் தெளிப்பான். டீ குடிப்பான். ஏழு மணிக்குக் கிளம்புவான். அதன் பிறகு மறுநாள் ஆபீஸ் போகும் வரை அவனோடு பேச ஆள் கிடையாது.

“எட்டு நாள்ல வரவேண்டியது. இன்னையோட பதினாலு,” என்றார் அத்தை, டீயை நீட்டியபடி.

“குளிர்ல லேட்டாகும்.”

“எனக்கே சொல்றீங்களா? உங்க ஆபீஸ்ல கேக்கறவங்களுக்கெல்லாம் இப்படித்தான் லேட்டாகும்னு சொல்லி அனுப்புவீங்களாக்கும்.”

“ஆமா.”

அத்தை சிரித்தார். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. டீயைக் குடித்தான்.

ஃபோன் அடித்தது. அத்தையின் மகன். மச்சான் பேசினால் ஸ்பீக்கர் தேவையில்லை. அடுத்த அறை வரை கேட்கும்.

“அம்மா, இந்தக் குளிர்ல தனியா அங்க எதுக்குக் கெடந்து நடுங்கிட்டு இருக்கே? இங்க உனக்குன்னு ரூம் ஒழிச்சு வச்சாச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு மறு ஞாயிறு வண்டியோட வர்றேன்.”

“நாத்து விட்டிருக்கேன்டா.”

“என்ன நாத்து?”

“உன் தங்கச்சி விதை.”

மச்சானின் குரல் தணிந்தது.

“சரிம்மா. முளைச்சிடுச்சா?”

“இன்னும் இல்ல. நீ வர்றதுக்குள்ள முளைச்சா, பூ வெட்டற வரைக்கும் நான் நகர மாட்டேன். முளைக்கலன்னா வர்றேன். போதுமா?”

“சத்தியமா?”

“என்னைக்குடா நான் பேச்சு மாறினேன்? ஃபோனை வை.”

அத்தை டீ கிளாஸைக் கழுவப் போனார். மச்சானின் ஊர் ஒரு நாள் பயண தூரம். அவன் மனதுக்குள் நாட்களை எண்ணினான். இன்னும் பன்னிரண்டு மாலைகள்.

“முளைச்சிடும் அத்தை,” என்றான்.

“பாப்போம்,” என்றார் அவர், திரும்பாமல்.

அதன் பிறகும் தினமும் வந்தான். ஸ்டூலில் ஏறினான். தண்ணீர் தெளித்தான். “இன்னைக்கும் இல்ல” என்றான். கடைசி மூன்று நாள் மட்டும் போகவில்லை. போய்ப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

ஞாயிறு காலை, சாமான் ஏற்றிவிடலாம் என்று கிளம்பினான். வாசலில் வண்டி நின்றது. கூடத்தில் காலி அட்டைப் பெட்டிகள் மடிப்புப் பிரிக்காமல் கிடந்தன. மச்சான் சமையலறையில் ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தார்.

“வாங்க மாப்பிள்ளை, வாங்க! உங்க லட்சணத்தை வந்து பாருங்க.”

“என்ன மச்சான்?”

“ஏறிப் பாருங்கன்னா.”

மச்சான் இறங்க, அவன் ஏறினான்.

தட்டு முழுக்கப் பச்சை. குழிக்கு ஒன்றாக, இரண்டிரண்டு குட்டி இலைகளோடு. ஒரு குழிகூடக் காலியில்லை. சிலவற்றின் தலையில் விதைத்தோல் இன்னும் தொப்பி மாதிரி ஒட்டியிருந்தது.

“என் தங்கச்சி கைராசியைப் பாத்தீங்களா?” மச்சான் உடனே மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: “இத்தனை பெட்டி வாங்கிட்டு வந்தேன். இப்ப இதுக்குள்ள நான்தான் உக்காந்துட்டுப் போகணும்.”

“சொன்ன சொல் சொன்னதுதான்டா,” என்றார் அத்தை. “பூ வெட்டற வரைக்கும் நகர மாட்டேன்.”

“நகர வேண்டாம் தாயே. நான் என்ன கயிறா கட்டி இழுக்கப்போறேன்?”

மச்சான் பெட்டிகளை வண்டியில் திரும்பப் போட வெளியே போனார். அவன் ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மூணு நாளா ஆளையே காணோம்,” என்றார் அத்தை. மேடையில் இருந்த தன் விதை டப்பாவை அலமாரிக்குள் தள்ளிவிட்டு, பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்தார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. “இனிமே ஒரு நாள்கூட விடக்கூடாது, மாப்பிள்ளை. வந்து தண்ணி தெளிக்கணும். விதைச்சது நீங்கதானே?”

“ஆமா அத்தை, நான்தான்,” என்றான்.

பீரோவில் அவன் கண்டெடுத்த விதை உறை காலியாக இருந்தது. அந்தத் தொண்ணூற்றெட்டுக் குழிகளிலும் வெறும் மண்ணை மட்டும்தான் நிரப்பிக்கொண்டு வந்திருந்தான்.