எல்லைக்கோட்டில் ஒரு வீடு

அமெரிக்காவின் டக்கோட்டாப் புல்வெளியில், ஹால்வரின் நிலத்துக்கும் ரக்னாவின் நிலத்துக்கும் நடுவே ஓடும் எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறது அந்த மண்வீடு. அவரவர் நிலத்தில் படுத்துறங்கினால்தான் சர்க்கார் பட்டா தரும். இருவரும் கல்யாணம் கட்டினால் ஒரு நிலம் போய்விடும். கோட்டுக்கு அந்தப்பக்கம் கிடக்கவேண்டிய ஹால்வரின் கட்டில், நிறைமாத ரக்னாவின் கட்டிலை ஒட்டிக் கிடக்கிறது. அவளுக்கு வலி எடுத்துவிட்டது. கூரையிலிருந்து மண் உதிர்கிறது. வெளியே, பட்டாவுக்காகச் சோதனை பார்க்க வந்த சர்க்கார் ஆளின் குதிரை கனைக்கிறது. "கட்டில உன் பக்கம் இழுய்யா!" "இந்த நேரத்துலயா?" "இத்தன வருஷம் மண்ணத் தின்னுட்டு, இப்பப் போய் கோட்டை விடுவியா?" அவன் இழுத்துப் போட்டுவிட்டு ஓடிவந்து கையைப் பிடிக்கிறான். அவள் போர்வையைக் கடித்து அலறலை விழுங்குகிறாள். உள்ளே வந்தவர் கேட்கிறார்: "நீ இவளுக்கு யாருப்பா?" ரக்னாவின் பிடியிலிருந்து விரல்களை உருவிக்கொள்கிறான் ஹால்வர். "பக்கத்து நிலத்துக்காரனுங்க."