மினுவுக்குப் பெயர் வந்த கதை

அரங்கம் சிரித்தது. நறுமுகையும் சிரித்தாள்.

மேடையில் அவள் கணவன் பரிதி. கணினியின் கறுப்புத் திரையில் அடிக்கும் கட்டளைகளுக்கெல்லாம் பெயர் வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். 'கேட்' பூனை இல்லையாம். கோத்துத் தருவது என்று பொருள்படும் நீண்ட ஆங்கிலச் சொல்லின் நடுத்துண்டாம். 'ஆக்' என்றால் அதை எழுதிய மூன்று பேரின் பெயர்களின் முதலெழுத்துகளாம்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"நீங்க எழுதின மினுவுக்கு எப்படி சார் பேர் வந்துச்சு?"

மினு. தொலைந்த கோப்புகளைத் தேடித் தரும் கட்டளை. எங்கெங்கோ இருக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் அடிக்கிறார்கள். அலுவலகத்தில் அவளும்தான்.

பரிதி மைக்கை மறு கைக்கு மாற்றினான்.

"டைப் பண்ண ஈஸியா இருந்துச்சு. அவ்வளவுதான்."

மறுபடி சிரிப்பு.

இரண்டு வரிசை முன்னால் ஒருத்தி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். மின்னொளி. கல்லூரியில் உடன் படித்தவள் என்று தேநீர் இடைவேளையில் பரிதிதான் அறிமுகப்படுத்தியிருந்தான்.

பக்கத்திலிருந்த தோழி மின்னொளியை முழங்கையால் இடித்தாள்.

"உன்னத்தான்டி, மினு."

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது நறுமுகை பரிதியிடம் கேட்டாள்.

"அவள மினுன்னுதான் கூப்பிடுவியா?"

"இப்பக் கூப்பிடறதில்ல."

இவளல்லவா கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். தினமும், தன் விரலாலேயே. கேட்டதைத் தேடிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது அது.

அது.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவன் கணினியை விட்டு எழவில்லை. சாயங்காலம் திரையை அவள் பக்கம் திருப்பினான்.

கட்டளைக்குப் புதுப் பெயர். 'நறு'.

"நறுமுகைன்னு முழுசா வச்சா ஒருத்தரும் அடிக்க மாட்டாங்க."

அவளை யாரும் அப்படிச் சுருக்கிக் கூப்பிட்டதில்லை. அவனும்தான்.

அடித்துப் பார்த்தாள். வேலை செய்தது. இந்தச் சின்ன விஷயத்துக்கா இத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது.

அப்புறம்தான் கீழே இருந்த வரியைப் படித்தாள்.

பழைய பெயரிலும் தொடர்ந்து இயங்கும்.

"எல்லாரும் பழகிட்டாங்க. சட்டுனு எடுத்துட முடியாது, நறு."

சொல்லிவிட்டுக் காப்பி போடப் போனான். பால் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்கும்வரை சும்மா உட்கார்ந்திருந்தாள்.

பிறகு பழைய பெயரை அடித்தாள்.

கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தது.