மூப்பர் வாங்கிக் கொடுத்த மன்னிப்பு

கன்னத்தில் விழுந்த இரண்டாவது அறையிலேயே 'பாட்டில்' ஒப்புக்கொண்டுவிட்டான்.

"நான்தான் சுவிட்சப் போட்டேன். கவனிக்காம போட்டுட்டேன்."

அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ரொட்டிக்கு மாவு பிசையும் இயந்திரத்துக்குள் கையை விட்டு ஒட்டிய மாவைச் சுரண்டிக்கொண்டிருந்த மாஸ்டருக்கு, அது திடீரென்று சுழன்றதில் வலது கை முழங்கைவரை நொறுங்கிப் போயிருந்தது. அவரை ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றி இன்னும் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அடுப்பிலிருந்து ரொட்டி இழுக்கும் நீளமான மரத்துடுப்பை மாஸ்டரின் தம்பி கையில் எடுத்தான். முதல் வீச்சில் பாட்டிலின் காது கிழிந்தது. இரண்டாவதில் துடுப்பே முறிந்துபோக, மிச்சக் கட்டையால் முதுகில் விளாசினான். மாவு மூட்டைகள்மேல் குப்புற விழுந்தவனை நாலு பேர் சேர்ந்து விலாவிலேயே உதைத்தார்கள். வெள்ளை மூட்டையெல்லாம் ரத்தம்.

குடியை விட்டு எட்டு மாதம் ஆகியும் பட்டப்பெயர் அவனை விட்டபாடில்லை. காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்திருப்பான் என்று ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லி மிதித்தார்கள். விட்டிருந்தால் அன்றைக்கே அவன் கதை முடிந்திருக்கும்.

சுவிட்ச் அறையைப் பூட்டிவிட்டு வந்துகொண்டிருந்த சூப்பர்வைசர், ஓடி வந்து குறுக்கே விழுந்தார். அவர் சபையில் மூப்பர். தெருவில் கிடந்த பாட்டிலை ஜெபக் கூட்டத்துக்கு இழுத்துப் போனதும், இங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

"போதும்பா. தப்பே பண்ணாத மனுஷன் நம்மள்ல யாரு? மன்னிச்சு விட்டுடுங்க."

சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. தம்பி கட்டையை வீசிவிட்டு ஓவென்று அழுதான். இப்படியொரு மனிதர் கிடைக்க அந்தப் பயல் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று மெச்சிக்கொண்டே மற்றவர்கள் கலைந்தார்கள். மன்னிப்பு என்றால் இதுவல்லவா மன்னிப்பு.

மூப்பர் அவனைக் குழாயடிக்குத் தாங்கிக்கொண்டு போய் முகத்தைக் கழுவிவிட்டார்.

"ஏண்டா..." என்றார்.

பாட்டில் ஒரு பல்லைத் துப்பினான். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டான்.

"மெயின் சுவிட்சப் போட்டது நீங்கன்னு தெரிஞ்சா கொன்னே போட்டுருவாங்கய்யா. எனக்கு அடி பழக்கந்தானே."