கல்லில் கிடந்த கண்

“இதுக்குக் கண்ணு இருந்துச்சா?” மனைவியின் மேசையிலிருந்த, பூச்சி பதிந்த கல்லைக் காட்டிக் கேட்டான் கலைவாணன்.

“இருந்துது. பல கோடி வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்த கடல் பூச்சிங்க. கண்ணு இருக்கிற எடத்த வச்சுப் பார்த்தா, பின்னாடி வர்றதுகூட தெரிஞ்சிருக்கும்” என்றாள் சத்யப்ரியா. கல்லூரியில் ஜியாலஜி நடத்துபவள்.

“எனக்கும் அப்படி இருந்தா தேவலாம்.”

“உங்களுக்குத்தான் என் போன் இருக்குதே.”

அவன் சிரிக்கவில்லை. “கண்ணோட சேர்ந்து கன்னமே தனியாக் கழண்டு கெடக்குது. எது கடிச்சுக் கொன்னுச்சு?”

“என் ஸ்டூடன்ட் திரிஷா இதோட போட்டோவ வச்சுப் பார்த்துக்கினு இருக்கிறா. சாயங்காலம் சொல்லுவா.”

பட்டுக்கடையில் புடவை விரித்துப்போட்டபடியே தன் போனைப் பார்த்தான். அவள் போகுமிடமெல்லாம் காட்டும் நீலப்புள்ளி, அன்று வீட்டைவிட்டு நகரவேயில்லை. காலேஜுக்கும் போகவில்லை. அப்படியென்றால் யாரோ வீட்டுக்கு வந்திருக்கிறான்.

கடையைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பினான். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, தன் சாவியால் சத்தமில்லாமல் கதவைத் திறந்தான்.

யாரும் இல்லை. பீரோவில் அவள் துணி வைக்கும் தட்டு மட்டும் காலியாக இருந்தது. கல்லுக்குப் பக்கத்தில் அவள் போனும், அவன் வாங்கிக்கொடுத்த வாட்ச்சும் கிடந்தன.

அவள் போன் அடித்தது. எடுத்ததுமே திரிஷா பேசினாள்.

“மேடம், கடிச்ச தடமே இல்ல. அது சாகல மேடம். வளர்றதுக்கு எடம் பத்தாம, மேலோட்டையும் கண்ணையும் கழட்டிப் போட்டுட்டு உயிரோட கிளம்பிடுச்சு.”